பேச்சியம்மாளின் முகம் போலீஸ் பைக்குள் போன கதை

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. போராட்டத்துக்கு அப்படி ஆகாத மாதம் எதுவும் இல்லை. திருப்பூரில் கல்யாணத்துக்குக் கேமரா பிடிக்கிற நாம் எப்படிப் போராட்டம் எடுக்கப் போனோம் என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம், இதுதான் காரணம். கொள்கையெல்லாம் பிறகு வந்தது. சிலருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

நம் கேமராக்காரர்கள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். லென்ஸ், லைட் பற்றி எழுத மாட்டேன். அதை உங்கள் போனே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பாடம் பயம். தாலி கட்டுகிற நேரத்தில் கரண்ட் போய்விடுமோ, மாப்பிள்ளை தும்மிவிடுவாரோ, மணவறை சரிந்துவிடுமோ என்று கவலைப்பட்டே தலை நரைத்தவன். இவை எதுவும் ஒரு நாளும் நடந்ததில்லை. நான் கவலைப்படாத விஷயங்கள்தான் நடந்தன. அப்படிப்பட்ட ஒருவனைப் போலீஸ் பஸ்ஸில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். கல்யாண வீட்டில் ஒரு முகம் விடுபட்டால் வம்பு. மாப்பிள்ளையின் சித்தப்பா பந்தியில் பாயசம் குடித்தது ஆல்பத்தில் இல்லையென்றால், அவர் நம்மிடம் மட்டுமல்ல, பெண் வீட்டாரிடமும் பேச மாட்டார். அதனால் நம் கண்ணுக்கு ஒரு பழக்கம். கூட்டத்தைக் கண்டதும் முகம் முகமாகப் பொறுக்கும். போராட்டத்தில் இது தலைகீழ். மேடையில் நிற்கிற தலைவருக்குப் படத்தில் முகம் விழ வேண்டும்; விழாவிட்டால் அவர் சித்தப்பாவைவிட மோசம். கீழே வெயிலில் உட்கார்ந்திருக்கிற டெய்லருக்கு முகம் விழக் கூடாது. விழுந்தால் திங்கட்கிழமை அவருடைய மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் கேமராவைத் தூக்குகிறவன், கம்பெனிக்குச் சம்பளமில்லாத வாட்ச்மேன்.

நம் ஊர்ப் போராட்டத்தில் தாலி கட்டுக்குச் சமமான இடம் பஸ் படிக்கட்டு. கைதாகிற தலைவர் அங்கே ஒரு கணம் நிற்பார். முஷ்டியை உயர்த்துவார். கேமரா எங்கே என்று ஓரக்கண்ணால் தேடுவார். "சார், கொஞ்சம் இழுக்கற மாதிரி புடிங்க" என்று அவரே போலீஸ்காரரிடம் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். போலீஸ்காரரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு இழுப்பார். படம் சரியாக வராவிட்டால் இருவரும் இறங்கி மறுபடி ஏறுவார்கள். அனுமதியில்லாத போராட்டமென்றால் காலையில் கைது, மத்தியானம் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு, சாயங்காலம் விடுதலை. இந்தச் சடங்கு எல்லோருக்கும் மனப்பாடம். அதனால்தான் சட்டம் என்ன சொல்கிறது என்பது யாருக்கும் மனப்பாடம் இல்லை.

எனக்கு மட்டும் இருந்தது. வக்கீலம்மா ஒருவர் சங்கத்துக்கு வந்து ஒரு நாள் வகுப்பெடுத்தார். மற்றவர்கள் பஜ்ஜி வந்ததும் எழுந்தார்கள். நான் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன். பிடித்தால் காரணம் கேட்கலாமா, வீட்டுக்குச் சொல்வார்களா, கேமராவைப் பிடுங்கினால் என்ன செய்வது, பிடுங்கிவிட்டுத் தரவில்லையென்றால் என்ன செய்வது, தந்துவிட்டு மறுபடி பிடுங்கினால் என்ன செய்வது. கடைசியில் அவர் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க அண்ணா, புடிக்கறதுக்கு முன்னாடியே ஜாமீன் கேப்பீங்களாட்ட இருக்குது?"

பிறகு பொறுமையாகச் சொன்னார். பொது இடத்தில் நின்று படம் எடுப்பது குற்றமில்லை. ஆனால் போலீஸ் வேலையை மறித்துக்கொண்டு நிற்காதே. கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், விடாவிட்டால் ஒரு நாளைக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. கேமராவையோ மெமரி கார்டையோ எடுத்துக்கொண்டால் இன்னதை எடுத்தோம் என்று எழுதித் தர வேண்டும். "நீங்களா ஒண்ணையும் அழிக்காதீங்க, ஒளிக்காதீங்க. எடுக்கறதுன்னா எழுதிக் குடுங்கன்னு மட்டும் கேளுங்க. அப்பறம் மத்தத நான் பாத்துக்கறேன்."

நான் தொழிலை விடுவதற்கு முந்தின ஆடி. புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்த புதிது. போலீஸ்காரர்களே பழைய செக்ஷன் நம்பரைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். முதலிபாளையத்துப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி வாசலில் போராட்டம். பிரச்சினை பாத்ரூம் டோக்கன். தைக்கிற பெண்களில் ஒரு வரிசைக்கு ஒரு டோக்கன். சூப்பர்வைசர் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். டோக்கன் ஆணியில் இருந்தால் போகலாம். இல்லையென்றால், எடுத்துப் போனவர் வரும்வரை அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து துணி வாங்குகிறவர்கள் கம்பெனியைப் பார்வையிட வரும் நாளில் மட்டும் டோக்கன் டிராயருக்குள் போய்விடும். அதே ஆணியில் 'தொழிலாளர் நலமே எங்கள் நலம்' என்று ஒரு பலகை தொங்கும்.

அன்றைக்கு அங்கே மூன்று கேமராக்கள். தொழிற்சங்கம் கூப்பிட்டது என்னை. போலீஸ் கூப்பிட்டது செந்திலை. போலீஸுக்குப் போராட்ட வீடியோ எடுத்துக் கொடுப்பது நம் ஆட்கள்தான் என்பது உங்களுக்கும் சீக்கிரம் தெரிந்துவிடும். கம்பெனி கூப்பிட்டது நடராஜை. அவன் மொட்டை மாடியில். மூன்று பேரும் ஒரே சங்கம். வைகாசியில் அவிநாசியில் ஒரே கல்யாணத்தில் மூன்று மூலையில் நின்றவர்கள். முதலாளி, தொழிலாளி, அரசாங்கம் என்று மூன்று தரப்பும் முறைத்துக்கொண்டிருக்க, எங்கள் பேட்டரிகள் போலீஸ் ஜீப்பில் ஒரே சார்ஜரில் ஏறிக்கொண்டிருந்தன. நடராஜ் தனக்கு வேண்டியதை மாடியிலிருந்து எலாஸ்டிக் நாடாவை இறக்கி வாங்கிக்கொண்டான். வர்க்கப் போராட்டத்தில் இப்படி ஒரு ஒற்றுமையை யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

பெண்கள் எல்லோரும் துப்பட்டாவால் முகத்தை மூடியிருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னாலிருந்து முதுகுகளையும், கைகளையும், உயர்த்திப் பிடித்த அட்டை டோக்கன்களையும் எடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் என்று ஒருத்தி மட்டும் பேச முன்வந்தாள். ராமநாதபுரம் பக்கம் ஊர், ஓவர்லாக் மிஷின் டெய்லர், மண்ணரையில் கம்பெனி பார்த்துக் கொடுத்த லைன் வீட்டில் தங்கையோடு குடியிருக்கிறாள். முகத்தை மூடிக்கொண்டுதான் ஆரம்பித்தாள். மாதவிலக்கு நாளில் டோக்கனுக்காகக் காத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் கை ஆடியது, தலை ஆடியது, துப்பட்டா நழுவியது. அவளுக்குத் தெரியவில்லை. அப்படிப் பேசுகிறவளை நிறுத்த எனக்கும் வாய் வரவில்லை. பேசி முடித்த பிறகுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, மூஞ்சி விழுந்திருச்சா?"

"விழுந்திருச்சும்மா."

"ஐயோ. என் தங்கச்சியும் அங்கனதான் செக்கிங்ல இருக்கா. தெரிஞ்சுச்சுன்னா ரெண்டு பேரையும் ஒண்ணா அனுப்பிருவாக. வீடும் போயிரும் அண்ணே."

"நீ பயப்படாத கண்ணு. மறைச்சுத்தான் வெளிய குடுப்பேன். அதுவரைக்கும் யாரு கையிலயும் போகாது" என்றேன். பயப்படாதே என்று நான் ஒருவருக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. செந்தில் கூட்டத்தின் முதுகுப் பக்கம் நின்றிருந்தான். நடராஜுக்கு மாடியிலிருந்து தலைகளும் குடைகளும்தான். அவள் முகம் இருந்தது என் கார்டில் மட்டும்.

அந்த நேரத்தில் செந்தில் பக்கத்தில் வந்து, "அண்ணா, கார்டு நிறைஞ்சிருச்சாட்டிருக்குது, மாத்திடறனுங்க" என்றான். தொழிற்சங்கத் தலைவர் வேறு ஒரு பக்கம் "என்னையும் கொஞ்சம் எடுங்க" என்று தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் "சரி கண்ணு" என்றேன். கல்யாணங்களில் ஆயிரம் தடவை நடப்பதுதான்.

பிறகு விசில். பஸ். தலைவர் படிக்கட்டில் நின்றார். எடுத்தேன். பெண்கள் ஏறினார்கள். அடுத்தது என் முறை. என்னை யாரும் இழுக்கவில்லை. "ஏறுங்க" என்றார்கள், ஏறிவிட்டேன்.

கொண்டுபோன மண்டபம் எனக்கு அத்துப்படி. எந்தச் சுவிட்ச் ஷாக் அடிக்கும் என்பதுகூடத் தெரியும். போனையெல்லாம் ஒரு தாம்பூலப் பையில் வாங்கிக்கொண்டார்கள். மணமேடையில் மட்டும்தான் மின்விசிறி ஓடியது. அதனால் எஸ்.ஐ. மேலே ஏறி, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இளம் வயது. பின்னால் 'நல்வரவு' என்று தெர்மாகோல் எழுத்துகள். நான் மேடையேறிப் போனபோது, மொய்க் கவரை எடுக்க என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

"சார், ஒரு சந்தேகமுங்க. நான் கைதுங்களா, இல்ல சும்மா வந்திருக்கறனுங்களா?"

"பஸ்ல ஏறினீங்கல்ல?"

"ஏறச் சொன்னாங்க, ஏறினனுங்க."

"அப்ப கைதுதான்."

"என்ன காரணமுங்க?"

"அனுமதியில்லாம கூடினது."

"நான் கூடலீங்க சார். கூடினதப் படம் எடுத்தேன். செந்திலும் அதேதானுங்க எடுத்தான்."

"அவன் நம்ம ஆளு பெரியவரே" என்றார், அதில் என்ன சந்தேகம் என்பது போல. அப்புறம், சட்டம் ஞாபகம் வந்ததோ என்னவோ, "வீட்டுக்குத் தகவல் சொல்லணும். நம்பரச் சொல்லுங்க" என்று தன் போனை எடுத்தார்.

இதற்காகத்தானே நான் தயாராக வந்திருந்தேன்! காலையிலேயே கம்பெனிக்குப் பக்கத்தில் துணி வெட்டுகிற கட்டிங் கடை மேசையிலிருந்து ஒரு பேனா வாங்கி, வக்கீலம்மா நம்பரை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் எழுதியிருந்தேன். அது போதாதென்று வந்திருந்த பெண்கள் கையிலெல்லாம் எழுதிவிட்டிருந்தேன். பெருமையோடு சட்டையைச் சுருட்டினேன். கை வெறுமையாக இருந்தது. திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் வெறுமை. கீழே உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, "கையப் பாருங்கம்மா!" என்று கத்தினேன். நாற்பது பேர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

ஒரு கட்டிங் பெண்தான் சிரித்தாள். "அண்ணா, அது துணியில குறி வெக்கற பேனாங்க. மத்தியானத்துக்குள்ள தானா மறைஞ்சு போயிரும். தைச்ச துணியில மை தெரியக்கூடாதுன்னு வெச்சிருக்கறது."

திருப்பூர்க்காரனைத் தவிர வேறு எவனும் தன் உரிமையைக் காற்றில் கரைகிற மையில் எழுதிக்கொள்ள மாட்டான். நீங்கள் அழியாத மார்க்கரால் எழுதுங்கள். ஒரு நம்பரையாவது மனப்பாடமாக வைத்திருங்கள். எனக்கு மனப்பாடமாக இருந்தது என் மனைவியின் நம்பர் மட்டும். எஸ்.ஐ. அதைப் போட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"ஏனுங்க, எங்கிருக்கறீங்க?"

"மண்டபத்துலம்மா."

"ஆடியில எவன் கல்யாணம் வெக்கறான்?"

"கல்யாணமில்ல. என்னையக் கைது பண்ணியிருக்கறாங்க."

"எந்த மண்டபமுங்க?" என்றாள். சொன்னேன். "அங்க சாப்பாடு நல்லாருக்கும். மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடுங்க. நான் அந்த வக்கீலம்மாளக் கூப்படறேன், காலண்டர்ல நம்பர் எழுதி வெச்சிருக்கறீங்க."

இதற்குப் பிறகுதான் நிஜமான பிரச்சினை வந்தது. கம்பெனி ஹெச்.ஆர். அதிகாரி மணமகன் அறையிலிருந்து வெளியே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கையில் லேப்டாப். மொய் எழுதுகிற மேசையை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு, "சார், வீடியோ பாத்தா யார் யார்னு நான் ஐடென்டிஃபை பண்ணிக் குடுத்துடறேன்" என்றார் எஸ்.ஐ.யிடம். ஏதோ சமையலுக்கு உதவி செய்ய வந்த உறவினர் மாதிரி. கீழே பேச்சியம்மாள் துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடிக்கொண்டாள். அந்த நேரம் செந்தில் தன் கார்டுப் பையைக் கொண்டுவந்து எஸ்.ஐ. மடியில் வைத்தான்.

நான் அனிச்சையாக என் பையைத் துழாவினேன். நிறைந்த கார்டு இல்லை.

"செந்திலு, என்ற கார்டு எங்க கண்ணு?"

"அதானுங்ணா, மாத்தினனல்லொ. நம்ம பையில போட்டுட்டனுங்க."

"நம்ம பைன்னா?"

செந்தில் கண்ணாலேயே எஸ்.ஐ.யின் மடியைக் காட்டினான். அவனைத் திட்டி என்ன பயன்? கல்யாணத்தில் எத்தனை கேமரா இருந்தாலும் நிறைந்த கார்டெல்லாம் சார்ஜர் இருக்கிற பைக்குத்தான் போகும். மொத்தமும் ஓர் இடத்தில் இருந்தால்தான் எடிட்டிங்குக்கு வசதி. அந்த விசுவாசத்தில்தான் அவன் போட்டிருந்தான். தங்கமான பையன். அவன் தங்கமான குணத்தால் இரண்டு பெண்களின் வேலையும் வீடும் இப்போது ஒரு சிவப்பு சோபாவில் இருந்தன.

தம்பி, தங்கைகளே, இந்த இடத்தில் உங்களுக்கு வீரமான யோசனைகள் தோன்றும். எனக்கும் தோன்றியது. பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம். சமையல் கட்டு வழி எனக்குத் தெரியும். கார்டைக் கடித்து விழுங்கிவிடலாம். சங்கத்தில் ஒருவர் அப்படிச் செய்ததாகச் சொல்லிக்கொள்வார், எக்ஸ்ரே எடுத்து யாரும் பார்த்ததில்லை. இதையெல்லாம் செய்தால் படம் எடுத்தவன் என்ற நிலை போய், சாட்சியத்தை அழித்தவன் என்ற நிலை வந்துவிடும். என் கால் வேறு ஓடுகிற நிலையில் இல்லை. வாய் மட்டும் வேலை செய்தது.

"சார், அந்தப் பையில ஒண்ணு என்னோடதுங்க."

"எது?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்குதுங்க. சங்கத்துல மொத்தமா வாங்கினதுங்க."

"அப்ப எல்லாத்தையும் பாத்துருவோம்" என்றார் ஹெச்.ஆர்., லேப்டாப்பைத் திறந்துகொண்டே.

"பாருங்க சார். அதுக்கு முன்னாடி, எடுத்துக்கிட்டேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துருங்க."

"யோவ் பெரியவரே, பாத்துட்டுத் தர்றதுக்கு எதுக்குய்யா எழுத்து?"

"எனக்குத் தெரியாதுங்க சார். வக்கீலம்மா சொல்லிக்குடுத்தாங்க."

"எங்க உங்க வக்கீலம்மா?"

"நம்பர் மறைஞ்சு போச்சுங்க."

கீழே சிரிப்பு. நான் நிறுத்தவில்லை. கவலைப்படுகிறவனுக்குக் கேள்வி நிற்காது. "அப்பறமுங்க சார், புதுச் சட்டத்துல, கைப்பத்தறத வீடியோ எடுக்கோணுமாமா? எடுக்காம விட்டா உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா? எனக்கு அது வேற கவலையா இருக்குது."

எஸ்.ஐ. பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஸ்டேஷன் ரைட்டரைப் பார்த்தார். ரைட்டர் மெதுவாக, "ஆமாங்கய்யா. சர்க்குலர் வந்திருக்கு" என்றார்.

"சரி. செந்தில், எடு."

"கார்டெல்லாம் உங்க மடியிலதானுங்க சார் இருக்குது."

எஸ்.ஐ. தன் போனை நீட்டினார். செந்தில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இடமில்லீங்க சார். குட்மார்னிங் படமா நெறைஞ்சு கெடக்குது" என்றான்.

என்னிடம் காலிக் கார்டு இருந்தது. பயந்தவனிடம் எப்போதும் ஒன்று கூடுதலாக இருக்கும். கொடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் வக்கீலம்மா சொன்னது மறைத்து வைக்க அல்ல, முறையாக நடக்க வைக்க. எடுத்துக் கொடுத்தேன். "இதுக்கும் சேத்தி எழுதிக் குடுத்துருங்க சார்" என்றேன்.

செந்தில் கேமராவைத் தூக்கியதும் கல்யாணக்காரன் ஆகிவிட்டான். "சார், நீங்க சோபாவுலயே இருங்க. ரைட்டர் சார், இந்தப் பக்கம் வாங்க. அண்ணா, நீங்க கொஞ்சம் சாஞ்சு நில்லுங்க. லேப்டாப் சார், நீங்களும் உள்ள வாங்க, ஓரத்துல பாதி மூஞ்சி வெட்டுது பாருங்க."

"நான் எதுக்கு?" என்றார் ஹெச்.ஆர்.

எனக்கு நிஜமாகவே ஒரு பயம் வந்தது. "சார், இவரு யாரு, எதுக்கு இங்க இருக்கறாருன்னு வீடியோவுல சொல்லிருங்க. நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதுங்க."

ஹெச்.ஆர். லேப்டாப்பைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "என்னைப் போடாதீங்க. நான் இங்க வந்தது தெரிஞ்சா கம்பெனியில பிரச்சினை ஆயிரும்."

நடு வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. "ஏண்டி, பாவம்டி. சாருக்கு ஒரு துப்பட்டா குடுங்கடி, மூடிக்கட்டும்!"

நாற்பது பேரும் சிரித்தார்கள். காவலுக்கு நின்ற பெண் போலீஸ்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹெச்.ஆர். லேப்டாப்பை மூடி, சாப்பாட்டுக் கூடத்து வழியாக வெளியே போனார். அன்று முழுக்க அந்த மண்டபத்தில் முகம் விழக் கூடாது என்று கேட்ட ஒரே ஆணுக்கு மட்டும் அந்த உரிமை உடனே கிடைத்தது.

அடையாளம் காட்ட ஆள் போய்விட்டார். எழுதினால் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும், அனுப்பினால் பதில் சொல்ல வேண்டும். எஸ்.ஐ. நெற்றியைத் தேய்த்தார். "உங்க கார்டு எதுன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது பெரியவரே?"

"மொதல் படம் ஒரு பூட்டுங்க."

செந்திலிடம் கேமராவை வாங்கி, கார்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். மூன்றாவதில் பூட்டு வந்தது. "என்னய்யா இது?"

"என்ற ஊட்டுப் பூட்டுங்க சார். பூட்டினமா இல்லியான்னு வழியில சந்தேகம் வந்தா பாத்துக்கலாம்னு தெனமும் எடுத்துக்கறது."

அடுத்த படத்துக்குப் போகிற பட்டன்மேல் அவர் கட்டைவிரல் இருந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் கீழே எழுந்து நின்றுவிட்டாள். எஸ்.ஐ. பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். கார்டைக் கழற்றி என் கையில் வைத்தார்.

வக்கீலம்மா வந்தபோது டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு என்னைப் பாராட்டுவார் என்று நினைத்தேன். "எல்லா எஸ்.ஐ.யும் சிரிக்க மாட்டாங்க அண்ணா" என்றார். "எழுதிக் குடுத்துட்டு எடுத்திருந்தாருன்னா நீங்க குடுத்துத்தான் ஆகோணும். அப்பறம் நாம கோர்ட்டுல கேட்டு வாங்கோணும். அதுக்குத்தான் அந்தத் தாளு." இதை நன்றாக நினைவில் வையுங்கள். என் பூட்டு உங்களைக் காப்பாற்றாது. தாள் காப்பாற்றலாம். அதையும்விட நல்லது, காட்டக் கூடாத முகத்தை முதலிலேயே எடுக்காமல் இருப்பது.

விடும்போது எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். தலைவர் சாய்ந்து உட்கார்ந்து படிக்காமலே போட்டார். நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் ரைட்டர் ஒரு டீ குடித்துவிட்டார்.

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். வாசலில் தலைவர் காத்திருந்தார்.

"அந்தப் புள்ள பேசினது வந்திருக்குதுங்களா? மூஞ்சியோட அப்படியே அனுப்புங்க. ராத்திரிக்குள்ள ஊரே பாக்கோணும்."

"மூஞ்சிய மறைச்சுத்தானுங்க குடுப்பேன்."

"மறைச்சா எப்படீங்க எடுபடும்? வீரமான பொண்ணுங்க!"

"வீரமான பொண்ணுதானுங்க. ஆனா கம்பெனி பாத்துக் குடுத்த வாடகை ஊடுங்க" என்றேன். அவருக்கு என்மேல் வருத்தம். கைதாகும் படம் நன்றாக வந்ததால் பிறகு மன்னித்துவிட்டார்.

பேச்சியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, கேமராவின் சின்னத் திரையில் அவள் பேசியதைப் போட்டுக் காட்டினேன். யார் முகமோ அவரிடம் கேட்காமல் நான் முடிவு செய்வது சரியில்லை என்று பட்டது. அவள் அசையாமல் பார்த்தாள். துப்பட்டா நழுவுகிற இடம் வந்தபோது அவள் கை துப்பட்டாவுக்குப் போகவில்லை.

"நல்லாத்தான் பேசியிருக்கேன், என்ன?"

"நல்லாப் பேசியிருக்கறம்மா. குரலையும் மாத்தித் தரட்டுமா? குரல வெச்சும் கண்டுபுடிப்பாங்க."

"மாத்திருங்க."

"மூஞ்சி தெரியற மூலத்த அழிச்சுறட்டுமா?"

அவள் யோசித்தாள். அவளைத் தேடி வந்திருந்த தங்கை தூரத்திலிருந்து பஸ் வந்துவிட்டது என்று கூப்பிட்டாள்.

"வேணாம்ணே. வச்சிருங்க. தங்கச்சிய ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துட்டு நான் ஊருக்குப் போயிருவேன். போற அன்னைக்கு வந்து சொல்லுதேன். அன்னைக்கு மூஞ்சியோட போடுங்க. அந்த ஹெச்.ஆர். பாக்கணும்."

முகம் மறைத்து, குரல் மாற்றிய வீடியோதான் அன்று வெளியே போனது. டோக்கன் இப்போது அந்த ஆணியிலும் இல்லை, டிராயரிலும் இல்லை. பேச்சியம்மாள் அதே வரிசையில் தைக்கிறாள்.

தொழிலை விட்டபோது கேமராவை விற்றேன், லைட்டுகளை விற்றேன். அந்தக் கார்டை மட்டும் விற்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஈரம் படுமோ, எறும்பு அரிக்குமோ, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்று கவலைப்பட்டுக்கொண்டே வைத்திருக்கிறேன். மண்ணரை பஸ் நிறுத்தத்தில் சில நாள் காலையில் அவளைப் பார்ப்பேன். கம்பெனி பஸ்ஸுக்கு முகம் மூடாமல் நின்றுகொண்டிருப்பாள். போடலாமா என்று நான் புருவத்தை உயர்த்துவேன். அவள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, இன்னும் இல்லை என்று தலையாட்டிவிட்டு ஏறிப் போவாள்.